அரம் பட்ட திருகாணி

கடைத்தெருவில் எனக்கு முசுடு என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, என் மனைவி மட்டும் சொல்வாள். துப்பாக்கி பழுது பார்க்கிறவன் இளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எவன் நம்பி உள்ளே வருவான் என்று நான் கேட்பேன். நீங்கள் இளிக்க வேண்டாம், வருகிறவரைத் திட்டாமல் இருந்தால் போதும் என்பாள். அவள் சொல்வதிலும் நியாயம் உண்டுதான். ஆனால் வருகிறவர்கள் செய்துகொண்டு வரும் காரியத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முக்கியமாகத் திருகாணி. அதன் தலையில் உள்ள கோட்டுக்குச் சரியான திருப்புளி என்று ஒன்று உண்டு. அதைத் தேடி எடுக்க நம் ஆட்களுக்குப் பொறுமை கிடையாது. கையில் எது அகப்பட்டதோ, காய் நறுக்கும் கத்தியோ சாவியோ, அதை வைத்து நெம்பி, கோட்டைக் குதறி, பிறகு என்னிடம் கொண்டுவந்து "தானா இப்படி ஆயிடுச்சு" என்பார்கள். எந்தத் திருகாணியும் தானாக எதுவும் ஆவதில்லை.

ரிவால்வரின் கைப்பிடியைக் கழற்றினால்தான் அதன் வண்டவாளம் தெரியும். வெளியே எண்ணெய் போட்டு மினுக்கி வைத்திருப்பார்கள். உள்ளே வேர்வை இறங்கித் துரு ஏறியிருக்கும், கைப்பிடியை நேராக நிறுத்தும் குட்டிப் பின் வளைந்து கிடக்கும். அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். கைப்பிடி மாற்றக் கொடுத்தால், அதற்குக் கீழே கெட்டுப்போன சின்னச் சாமான் எதுவாக இருந்தாலும் கேட்காமலே மாற்றிவிடுவேன். கழற்றிய பழைய சாமான்களைக் காகிதத்தில் பொட்டலமாக மடித்து, வேலைச் சீட்டோடு சேர்த்துக் கையில் கொடுத்துவிடுவேன். ஏமாற்றவில்லை என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். இருபத்தெட்டு வருடமாக இதில் எனக்குப் பெருமை. அந்தப் பெருமை என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் காவலர் வந்தார். வங்கிகளுக்குப் பணம் கொண்டுபோகும் வண்டியில் முப்பது வருடம் காவலுக்குப் போனவர். ஓய்வு பெற்ற பிறகும் சொந்த ரிவால்வருக்கு லைசென்ஸ் வைத்திருந்தார். முன்பெல்லாம் வந்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் திட்டுவதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார். அன்றைக்கு உட்காரவில்லை. தோட்டா போடும் உருளையைத் திறந்து காலி என்று காட்டிவிட்டு மேசை மேல் வைத்தார். இடப்பக்கத்துக் கைப்பிடிக் கட்டை நெடுக விரிசல் விட்டிருந்தது.

"கைப்பிடிய மாத்தணும் தம்பி. அப்படியே மத்ததெல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்க," என்றார்.

இப்படிக் கேட்கிற வாடிக்கையாளர் எனக்கு வருடத்துக்கு ஒருவர் வந்தால் அதிகம். உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை அவரிடமும் கேட்டேன்: சுட்டு வெடிக்காமல் போனது உண்டா? கொஞ்சம் பொறுத்து, இல்லை என்றார். வியாழக்கிழமை வரச் சொன்னேன்.

அவர் படி இறங்கியதும், சீட்டு எழுதிக்கொண்டிருந்த என் மனைவி, அவருடைய சட்டையைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். ஆள் இளைத்துப் போனதற்கு ஏற்ற மாதிரி யாரோ சட்டையை இருபுறமும் பிடித்துத் தைத்திருக்கிறார்களாம். ஒரு தடவை பிடித்த தையலுக்கு உள்ளே இன்னொரு தடவையும் பிடித்திருக்கிறதாம். எனக்குச் சட்டையைப் பார்க்க நேரமில்லை என்றேன்.

மறுநாள் வேலையில் உட்கார்ந்தேன். கைப்பிடித் திருகாணியின் தலை வழக்கம்போலக் குதறியிருந்தது, அதை மாற்ற வேண்டும். பின் வளைந்திருந்தது, அதையும். மூன்றாவதாகக் கண்ணில் பட்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்த மாதிரி ரிவால்வரில் கைப்பிடிக்குள் பட்டையாக ஒரு ஸ்பிரிங் நிற்கும். சுத்தியை வேகமாக அடிக்க வைப்பது அதுதான். அந்த ஸ்பிரிங்கை முன்பக்கத்திலிருந்து அழுத்திப் பிடிக்க ஒரு சின்னத் திருகாணி உண்டு. அதன் நுனியை யாரோ ராவிக் குட்டையாக்கியிருந்தார்கள். நுனி குட்டையானால் அழுத்தம் போய்விடும், ஸ்பிரிங் சோம்பேறியாகிவிடும். விசை இழுக்க லேசாக இருக்கும் என்பதற்காகச் சில சூரப்புலிகள் செய்கிற வேலை இது. விசை லேசாகும், உண்மைதான். சுத்திக்குத் தெம்பும் போய்விடும். விழுந்து ஒரு சத்தம் போடும், அவ்வளவுதான்.

அரத்தின் தடத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரே மூச்சில் ராவியது இல்லை. நாலு இழுப்பு, ஒரு தயக்கம், பிறகு வேறு கோணத்தில் நாலு இழுப்பு. கடைசியில் மரை கெடாமல் இருக்க ஓரத்தைப் பதமாகத் தேய்த்து விட்டிருந்தார்கள். திருகாணியின் தலையில் ஒரு கீறல் இல்லை. சரியான திருப்புளி போட்டுக் கழற்றிய கை அது. இவ்வளவு சுத்தமாக வேலை தெரிந்தவன் இப்படி ஒரு அயோக்கியத்தனம் செய்திருக்கிறானே என்று எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. எந்தக் கடைக்காரன் என்று தெரிந்தால் நேரே போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

புதுத் திருகாணி போட்டேன். கடைக்குப் பின்னால் மணல் பெட்டியில் ஆறு தோட்டா சுட்டுப் பார்த்தேன். புதுக் கைப்பிடியைப் பொருத்தித் துடைத்து வைத்தேன். பழைய மூன்றையும் பொட்டலம் கட்டினேன்.

வியாழக்கிழமை காவலர் வந்ததும் பிடித்துக்கொண்டேன். அரம் பிடிக்கத் தெரிந்தவன் எல்லாம் மெக்கானிக் ஆகிவிட முடியாது, கண்டவன் கையில் கொடுக்கலாமா, முப்பது வருடம் ஆயுதம் சுமந்தவர் நீங்களே இப்படிச் செய்யலாமா என்று பொரிந்து தள்ளினேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. யார் கையிலும் கொடுக்கவில்லை, கடைசியாக உங்களிடம் வந்துபோன பிறகு வீட்டைவிட்டு அது வெளியே போனதே இல்லை என்றார். பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். பொட்டலத்தைப் பிரித்து, அந்தத் திருகாணியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இத ராவுனா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

கேட்டால் போதாதா எனக்கு. ஸ்பிரிங், அழுத்தம், சுத்தி என்று ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்தேன். வெளியே பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும், சுத்தி விழும், சத்தமும் வரும், தோட்டா மட்டும் வெடிக்காது என்றேன். அவர் அந்த நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது மண்டையில் ஏறவில்லையோ என்று திரும்பவும் ஒரு தடவை சொன்னேன்.

"இப்போ?" என்றார்.

"ஆறு போட்டுப் பாத்தேன் சார். ஆறும் வெடிச்சுது."

இதை நான் மார் தட்டிக்கொண்டு சொன்னேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். அவர் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ரிவால்வர் பெட்டியைத் துணிப் பையில் போட்டுக்கொண்டு, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார். ஒரு மரியாதை வேண்டாமா என்று என் மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

அவள் பேனாவை மூடாமலே கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றாள். வீட்டைவிட்டு வெளியே போகவில்லை என்றால் வீட்டில் இருக்கிறவர்கள்தானே தொட்டிருக்க வேண்டும் என்றாள். அவர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. அவரும் அவர் மனைவி தையல் டீச்சரும்தான். எங்கள் மகளுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தவர். அவர்களுடைய ஒரே பையன் போன வருடம் கார் விபத்தில் இறந்துபோனான். காரை ஓட்டியவர் காவலர்.

எனக்கு இதெல்லாம் தெரியும். துக்கம் கேட்க அவளை அனுப்பிவிட்டு, எனக்கு அங்கெல்லாம் பேச வராது என்று கடையிலேயே இருந்துகொண்டவன் நான். இரண்டு தடவை என் மேசைக்கு எதிரே வந்து நின்ற மனிதரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. துப்பாக்கியைத்தான் பார்த்தேன்.

"ஏங்க," என்றாள் மெதுவாக. "அது வெடிக்கக் கூடாதுன்னுதான் ராவியிருக்காங்க."

 ஷட்டரை இழுத்து விட்டேன், பூட்டினேனா என்று நினைவில்லை. வழி தெரிந்தவள் அவள்தான், ஸ்கூட்டரில் பின்னால் ஏறினாள். வழியெல்லாம் ஆறும் வெடிச்சுது, ஆறும் வெடிச்சுது என்று என் குரலே எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

மாடி வீடு. டீச்சர் கழுத்தில் அளவு நாடாவோடு கதவைத் திறந்தார். ஜன்னலோரம் தையல் மெஷின், அதில் பாதி தைத்த பள்ளிச் சீருடை ஒன்று ஊசியில் நின்றது. காவலர் இன்னும் வரவில்லை. கைப்பிடிக் கட்டையை மட்டும் மாற்றத்தானே உங்கள் கடைக்குப் போனார், வழியில் பார்க்கவில்லையா என்று டீச்சர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"டீச்சர், அந்த ஸ்க்ரூவ ராவினது நீங்களா?"

அவர் இல்லை என்று சொல்லவில்லை. எப்படித் தெரியும் என்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழுத்து நாடாவைச் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தார். பிறகு சொன்னார்.

பையன் போன பிறகு காவலர் தினமும் மத்தியானம் அந்த ரிவால்வரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாராம். துடைப்பார், திரும்ப அலமாரியில் வைப்பார். ஒளித்து வைக்கலாமா என்று டீச்சர் யோசித்திருக்கிறார். ஒளித்தால் தனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அது இல்லாவிட்டால் மனிதர் வேறு எதையாவது தேடிப் போவார். அது அங்கேயே இருக்கட்டும், இருந்து உதவாமல் போகட்டும் என்று முடிவு செய்திருக்கிறார். தையல் மெஷினில் நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கிறது, அதுவும் ஒரு ஸ்பிரிங்கைத்தான் அழுத்துகிறது. நாற்பது வருடமாக அதைத் திருகி வந்த கை. காவலர் மாத்திரை வாங்கப் போயிருந்த நேரத்தில் ரிவால்வரின் கைப்பிடியைக் கழற்றிப் பார்த்ததும் எது எதை அழுத்துகிறது என்று புரிந்துவிட்டதாம். மெஷின் திருப்புளியும் ஊசி தீட்டும் குட்டி அரமும் போதுமானதாக இருந்தன. மூன்று மத்தியானம் ஆனது. அதற்குப் பிறகுதான் தன்னால் தைரியமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வர முடிந்தது என்றார்.

"வேலை ரொம்பச் சுத்தமா இருந்துச்சு டீச்சர்," என்று சொல்லித் தொலைத்தேன். எனக்கு வாயில் வந்தது அதுதான். என் மனைவி என்னைப் பார்த்த பிறகு மீதியையும் சொன்னேன். நான் அதை மாற்றிவிட்டேன். காவலரிடமே காட்டி, என்ன ஆகும் என்பதையும் விளக்கி அனுப்பிவிட்டேன்.

டீச்சர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்ட வேண்டும் என்றுதான் நான் காத்திருந்தேன். அவர் எழுந்து அலமாரியைத் திறந்து, தோட்டாப் பெட்டியை எடுத்து மேசையில் கொட்டி எண்ணினார். இருபத்துநாலு இருக்க வேண்டுமாம். அரம் போட்ட அன்றைக்கு எண்ணியதோடு சரி, அதற்குப் பிறகு தொடவில்லையாம். இருபத்துமூன்றுதான் இருந்தது. திரும்பவும் எண்ணினார். பிறகு தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கினார். 

நான் கீழே இறங்கி ஓடினேன். தெருமுனை வரை, மருந்துக்கடை வரை, பேருந்து நிறுத்தம் வரை போய்ப் பார்த்தேன். நல்ல வெயில். போகிற வருகிற ஒவ்வொரு துணிப் பையையும் பார்த்தேன். எங்கேயாவது ஒரு சத்தம் கேட்டுவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நடந்தேன். லாரி ஒன்று புகை கக்கி வெடித்தபோது நடுரோட்டில் நின்றுவிட்டேன். என் வேலையின் சத்தத்துக்கு நான் பயந்தது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். திரும்பி மாடிக்கு வந்தபோது இரண்டு பெண்களும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள். என் மனைவி டீச்சரின் கையை விடவில்லை.

போலீசுக்குச் சொல்லிவிடலாம் என்றேன். அதற்காகத் திரும்பவும் கதவைத் திறந்தபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. காவலர் ஒவ்வொரு படியாக ஏறி வந்துகொண்டிருந்தார். தோளில் பை. என்னைப் பார்த்தார், உள்ளே இருந்த என் மனைவியைப் பார்த்தார். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. பூங்காவில் உட்கார்ந்திருந்தேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, பையை மேசை மேல் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"எடுத்துட்டுப் போயிடுங்க தம்பி. எங்க ஒப்படைக்கணுமோ ஒப்படைச்சிடுங்க. கையெழுத்து எங்க வேணாலும் போடுறேன்."

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பெட்டியைத் திறந்து உருளையைப் பார்த்தேன், காலியாக இருந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, அந்தத் திருகாணியை டீச்சருக்கு முன்னால் வைத்தார்.

"உன் வேலையா?"

"ஆமா," என்றார் டீச்சர். குரலில் மன்னிப்பு எதுவும் இல்லை.

காவலர் நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார். கிளம்பிவிடலாம் என்று என் மனைவிக்குச் சைகை காட்டினேன். அவள் அசையவில்லை. நல்ல வேளையாக அசையவில்லை. பெட்டியில் ஒரு தோட்டா குறைகிறதே என்று டீச்சர் கேட்டார்.

"அது வெடிக்கல," என்றார் அவர். "நாலு மாசம் ஆச்சு. சாக்கடையில போட்டுட்டேன். துப்பாக்கிதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். அதச் சரி பண்ணத்தான் தம்பிகிட்டக் குடுத்தேன். கைப்பிடி ஒரு சாக்கு, நானே கல்லுல தட்டி ஒடைச்சேன்."

 டீச்சர் எதையோ கணக்குப் போடுகிற மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எது நடக்கக் கூடாது என்று இத்தனை நாள் காவல் காத்தாரோ அது எப்போதோ நடந்து முடிந்துவிட்டது என்று அவருக்கு அப்போதுதான் தெரிகிறது. எனக்கு அங்கே இருக்கவே கூசியது.

"எந்த நாள்?" என்று கேட்டார்.

"உனக்கு ஸ்கூல்ல பரீட்சை வேலை இருந்துச்சே. லேட்டா வந்தியே, அன்னிக்கு."

டீச்சரின் முகம் அப்போதுதான் உடைந்தது. "அன்னிக்கு நான் வந்தப்போ நீங்க சமைச்சு வெச்சிருந்தீங்க. ரெண்டு தட்டு எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. நீங்க தேறிட்டீங்கன்னு நினைச்சேன். மறுநாள் ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"சத்தம் மட்டும் வந்துச்சு," என்றார் காவலர். "கண்ணத் தொறந்து பாத்தா எல்லாம் அப்படியே இருக்கு. அப்படியே உக்காந்திருந்தேன். ரொம்ப நேரம். அப்புறம் பசிச்சுது."

 டீச்சர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. கையை நீட்டி, தானே இரண்டு தடவை பிடித்துத் தைத்த அந்தச் சட்டையின் விளிம்பைப் பற்றிக்கொண்டார்.

"இப்போ பசிக்குதா?" என்று கேட்டார்.

காவலர் உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்கிற மாதிரி யோசித்தார்.

"கொஞ்சம்," என்றார்.